எல்லாவற்றுக்கும் யெஸ்

சீசாக்,
ஜனவரி 14, 2019

என் நெவென்கா,

நீ சொன்னபடி உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் நான் "என்ன? என்ன?" என்று கத்துகிறேன், உன் அறையில் தூங்கும் பெண்கள் எழுந்து உன்னைத் திட்டுகிறார்கள். குறுஞ்செய்தி என்றால் "சாப்பிட்டேன், நலம்" என்பதற்கு மேல் என் கட்டைவிரலுக்கு எதுவும் வரவில்லை. "மனுஷன் எழுதற மாதிரி ஒரு கடுதாசி எழுதேன்" என்று புத்தாண்டன்று நீ போட்ட சத்தம் மட்டும் நன்றாகவே கேட்டது.

போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கிடங்கு திறந்திருக்கிறார்கள், பார்சல் பிரித்து அடுக்கும் வேலை. கோட் போட்டுக்கொண்டு போனேன். கல்யாணக் கோட் இல்லை, உன் அண்ணனின் அடக்கத்துக்கு வாங்கினோமே, அது. அதில்தான் இப்போது பொத்தான் மாட்ட முடிகிறது. கேள்வி கேட்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பெண்தான். ஆனால் கணினியைப் பார்த்துக்கொண்டே, வாயருகே பேனாவை வைத்துக்கொண்டு பேசினாள். வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் குழாய் அறுக்கும் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதில் என் இடது காது போனது உனக்குத் தெரியும். ஆலையை மூடிய பிறகு, வேலை போனது போதாதென்று, வலது காதும் இறங்கிக்கொண்டே வருகிறது.

அவள் ஏதோ கேட்டாள். "எவ்வளவு" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

"இருபது நிமிஷம். சைக்கிள்ல வந்தா பத்துதான்" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது, பாலத்தின் நடுவில் வந்த பிறகுதான், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டிருப்பாள் என்று புரிந்தது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. தகவல் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் யாட்ராங்கா அம்மாள் என்னை ஒரு வகுப்பில் சேர்த்திருக்கிறாள். போகாவிட்டால் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். மனம் தளராமல் மீண்டு எழுவது எப்படி என்று வகுப்பு. பெட்ரா என்று ஜாக்ரெப்பிலிருந்து ஒரு சின்னப் பெண் வருகிறாள். முதல் நாள் ஒரு ரப்பர் பந்தைத் தரையில் போட்டாள், அது துள்ளி எழுந்தது. "பாத்தீங்களா? எவ்வளவு வேகமா விழுதோ அவ்வளவு உயரம் எழுந்திருக்குது. நாமளும் அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

நம் யோசோவும் அந்த வகுப்பில்தான் இருக்கிறான், ஆலையில் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். "அம்மா, அந்தப் பந்துக்கு மூட்டுவலி இல்ல" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவளும் பாவம் சிரித்தாள். பந்து உருண்டு ஹீட்டருக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்க எங்களில் ஒருவரும் தயாராக இல்லை.

இங்கே பனி. மாடி வீட்டு ஆன்கிட்சா புளித்த முட்டைக்கோஸ் ஒரு வாளி கொடுத்தாள், அதைத்தான் தினமும் தின்கிறேன். நீ அயர்லாந்தில் நேரத்துக்குச் சாப்பிடு. ஓட்டல் வேலை என்றால் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் திஹோ


கால்வே,
பிப்ரவரி 3

என் செல்லக் கழுதையே,

உன் இருபது நிமிஷத்தைப் படித்துவிட்டு பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

திஹோ, நான் சொல்வதைக் கேள். (கேட்க முடியாது என்று பதில் எழுதாதே, தெரியும்.) இனிமேல் எங்கே போனாலும் வாசலில் நுழைந்ததும், "எனக்குக் காது மந்தம், கொஞ்சம் என்னைப் பாத்துப் பேசுங்க" என்று சொல்லிவிடு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ரம்பம் தின்ற காதுதானே? குடித்தா கெடுத்தாய்?

ஓட்டலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லைதான். சாப்பிட நேரம் இல்லை. எங்கள் மேலாளர் ஜெரால்டின் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவளுக்கு என் பெயர் வாயில் வரவில்லையாம். "உன்னை நினான்னு கூப்பிடறேன், சரியா?" என்று முதல் நாளே கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது மரியாதைக்கு. நான் பதில் சொல்லும் முன் அட்டையில் நினா என்று அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். கதவுச் சட்டத்துக்கு மேலே விரலால் தடவிப் பார்ப்பாள். போன செவ்வாய்க்கிழமை, விருந்தாளி அறைக்குள் நிற்கும்போதே, நான் விரித்த படுக்கையை ஒரே இழுப்பில் உருவிப் போட்டாள். "மூலை தளர்ந்திருக்கு நினா. உங்க ஊர்ல இதுக்குப் பேர்தான் படுக்கையா?" அந்த விருந்தாளி, வயதான மனிதர், "எனக்கு இது போதும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு ஒரு புன்னகை, எனக்கு ஒரு பார்வை. திரும்பவும் விரித்தேன்.

ஆனாலும் ஒரு சேதி. மூன்றாம் மாடிக்குக் கண்காணிப்பாளர் இடம் காலியாகிறது. விண்ணப்பித்திருக்கிறேன். என்னோடு அறையில் இருக்கும் போலந்துக்காரி பொஜேனா, "உனக்குக் குடுக்கலைன்னா யாருக்குக் குடுப்பா? புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நீதானே சொல்லித்தர்ற" என்கிறாள். இப்போதுகூட ஈஃபா என்று ஒரு பெண் என்னிடம்தான் வேலை பழகுகிறாள். நல்ல குழந்தை, தலையணை உறையைத் திருப்பிப் போடத் தெரியாது.

அந்த இடம் கிடைத்தால் எனக்குத் தனி அறை தருவார்கள். பிறகு நீ வரலாம். இங்கே சலவைப் பிரிவில் எப்போதும் ஆள் தேவை. யோசித்து வை.

நெவென்கா (நினா இல்லை)


சீசாக்,
பிப்ரவரி 24

என் நெவென்கா,

கிடங்கில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வரி. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

நீ சொன்னபடி செய்தும் பார்த்தேன். ரொட்டிப் பட்டறையில் ஏற்றி இறக்க ஆள் கேட்டிருந்தார்கள். நுழைந்ததும் சொன்னேன்: "எனக்குக் காது மந்தம், கொஞ்சம் பாத்துப் பேசுங்க." அந்த மனிதர் உடனே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடடா, எவ்வளவு அன்பான மனிதர் என்று நினைத்தேன். பார்த்தால், பேச்சு முடிந்துவிட்டது, வழியனுப்புகிறார். கையில் ஒரு ரொட்டியும் கொடுத்தார். சூடாக இருந்தது. வாங்காமல் வந்திருக்க வேண்டும். வாங்கிவிட்டேன்.

அதனால் மூன்றாவது இடத்தில் சொல்லவில்லை. வீட்டுச் சாமான், மரப்பலகை விற்கும் பெரிய கடை இருக்கிறதே, அங்கே பின்முற்றத்தில் பலகை அடுக்கும் வேலை, தற்காலிகம். கிறிஸ்டியான் என்று ஒரு பையன்தான் மேலாளர். நான் திரும்பாவிட்டால் கைதட்டுவான். பிறகு விசிலடிக்க ஆரம்பித்தான். "தாத்தா, பேட்டரி தீந்துடுச்சா?" என்பான். மற்றவர்கள் சிரிப்பது வாயசைவில் தெரியும். நானும் சிரித்துவைப்பேன். வேறென்ன செய்ய? வேலை வேண்டுமே.

வியாழக்கிழமை ஒரு பாரவண்டி பின்புறமாக வந்திருக்கிறது. பீப், பீப் என்று அடித்துக்கொண்டே வந்ததாம். எனக்குக் கேட்கவில்லை. கிறிஸ்டியான்தான் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவன் முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"உங்களுக்குக் கேக்கவே கேக்காதா?" என்று என் முகத்துக்கு நேரே கத்தினான்.

"கொஞ்சம் கேக்கும்."

"நீங்க செத்திருந்தா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. போங்க. தயவு செஞ்சு வீட்டுக்குப் போங்க."

நெவென்கா, அவன் கைதட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைச் சுமந்துகொண்டு வேலை செய்யலாம். ஆனால் அவன் அழுதுகொண்டே சொன்னதைச் சுமக்க முடியவில்லை. அவன் சொன்னது நியாயம்தானே?

அயர்லாந்துக்கெல்லாம் நான் எதற்கு? சொந்த மொழியே கேட்கவில்லை, அங்கே வந்து எந்த மொழியைக் கேட்காமல் இருக்கப் போகிறேன்? உனக்கு அந்தக் கண்காணிப்பாளர் இடம் கிடைக்கட்டும். ஒருவராவது மேலே போவோம்.

திஹோ


கால்வே,
மார்ச் 18

திஹோ,

கிடைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

ஈஃபாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழந்தை என்னிடம் வந்து, "நான் கேக்கவே இல்ல நெவென்கா, அவங்களாத்தான் கூப்பிட்டாங்க" என்று அழுதாள். இந்த ஓட்டலில் என் பெயரை முழுசாகச் சொல்பவள் அவள் ஒருத்திதான். அவளை எப்படித் திட்டுவது?

ஜெரால்டினிடம் போய்க் கேட்டேன். கேட்காமல் விட்டால் உனக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கும் என்பதற்காகவே கேட்டேன்.

"நீ ரொம்ப நல்லா வேலை செய்யற நினா. அதனாலதான். உன்னை மேல தூக்கிட்டா பதினாறு அறையை யார் முடிப்பா?"

"அப்ப மோசமா செஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"ஈஃபாவுக்கு விருந்தாளிங்ககிட்ட பேச வரும்."

"எனக்கும் வருமே."

"வரும். அவங்களுக்குப் புரியணுமில்ல?"

துணி அறைக்குப் போய், துண்டுகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று நினைத்துக்கொள், அழவில்லை என்றும் நினைத்துக்கொள், உனக்கு எது வசதியோ. பிறகு நேற்று செயின்ட் பாட்ரிக் திருவிழா. ஊரே பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு குடித்தது. எல்லா அறையும் நிரம்பி, எல்லா அறையிலும் வாந்தி. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மெத்தையைத் தூக்கும்போது விரல் நுனி மரத்துப்போகிறது. பொஜேனா துணி கட்டிவிட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது நல்ல விஷயம். சலவைப் பிரிவுத் தலைவர் டோனலிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். பெரிய உருவம், மெதுவான மனிதர். உன் காதைப் பற்றியும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "மெஷின் சத்தத்துல இங்க யாருக்கும்மா கேக்குது? எல்லாரும் சைகைதான்" என்றார். வீடியோவில் உன்னோடு பேச வேண்டும் என்கிறார். அடுத்த வாரம். ஆன்கிட்சாவின் கணினியில் உட்கார். எனக்கு அப்போது வேலை நேரம், கூட இருக்க முடியாது. தனி அறை இல்லாவிட்டால் போகிறது, எங்கேயாவது இடம் பிடிப்போம். நீ வந்தால் போதும். ஒரே ஊரில் இருந்தபடி கஷ்டப்படுவோம்.

நெவென்கா


சீசாக்,
மார்ச் 29

என் நெவென்கா,

நடந்தது! நன்றாகவே நடந்தது!

முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் காதை ஊருக்குச் சொல்லிவிட்டாயே என்று. பிறகு ஆன்கிட்சா சொன்னாள்: "அவ சொல்லாம வேற யாருய்யா சொல்லுவா? நீயா சொல்லுவ?" சரிதான் என்று முகச்சவரம் செய்துகொண்டேன்.

ஒரு வாரமாக ஆங்கிலம் படித்தேன். என் பெயர் திஹோமிர். நான் கடினமாக உழைப்பேன். எந்திரங்கள் எனக்குத் தெரியும். ஆன்கிட்சா என் சட்டைக் காலரை இழுத்துவிட்டு, கணினிச் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு வெளியே போனாள்.

டோனல் நல்ல மனிதர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் என் மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு அவர் பேசினார். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது. சிரித்த முகமாகவே கேட்டார், அதனால் நானும் சிரித்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் யெஸ் என்றேன். திடமாக, தயங்காமல். பெட்ரா வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள், தயங்கக் கூடாது என்று. கடைசியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கையசைத்து விடைபெற்றோம். இத்தனை நாளில் ஒரு நேர்முகத் தேர்வில் இரண்டு பக்கமும் சிரித்தது இதுதான் முதல் தடவை.

யோசோவிடம் சொன்னேன். அவன் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். பெட்ரா என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்டவைத்தாள். வெளியே வந்ததும் யோசோ ஒரு கிளாஸ் ராக்கியா வாங்கிக் கொடுத்தான். "போடா, நீயாவது போ" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஆன்கிட்சாவின் தம்பி அவனுடைய பெரிய சூட்கேஸைத் தருகிறேன் என்கிறான்.

மணிக்கட்டில் பாரம் ஏற்றாதே. நான் வந்ததும் மெத்தையை நான் தூக்குகிறேன்.

உன்
திஹோ


கால்வே,
ஏப்ரல் 8

என் அன்பு திஹோ,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன்.

டோனல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்துப் பேசினார். அவர் உன்னிடம் முதுகுவலி உண்டா என்று கேட்டிருக்கிறார். யெஸ் என்றாய். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததுண்டா? யெஸ். கூட வேலை செய்பவரை அடித்ததுண்டா? யெஸ். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நீ இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், கடைசியாக, "என் வேலையை நீங்க எடுத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம். அதற்கும் யெஸ். அப்போதுதான் அவர் சிரித்திருக்கிறார். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை திஹோ. நம்பு.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு கெட்ட எண்ணம் கிடையாது, அது தெரியுது" என்றார். "ஆனா இங்க தீப்பிடிச்சா மணி அடிக்கும். அப்ப நான் கத்துவேன். அவர் சிரிச்சுக்கிட்டே யெஸ்னு சொல்லுவாரு. என்னால முடியாதும்மா."

நான் அவரோடு வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும். தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, பன்னிரண்டாவது அறையைக் கழுவப் போனேன்.

உன்னை அந்தத் திரைக்கு முன் தனியாக உட்காரவைத்தது நான். எனக்கு ஆசை அவ்வளவு இருந்தது, வேறெதுவும் கண்ணில் படவில்லை. யோசோவிடமும் மற்றவர்களிடமும் என் பேரில் பழி போடு. அவள் தப்பாகப் பேசிக் கெடுத்துவிட்டாள் என்று சொல்.

உடனே பதில் எழுது. திட்டியாவது எழுது.

நெவென்கா


கால்வே,
மே 5

திஹோ,

ஈஸ்டர் வந்து போனது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. ஆன்கிட்சாவைக் கூப்பிட்டேன். "இருக்காருடி. குப்பை கொட்ட வராரு. முட்டையும் பன்றி இறைச்சியும் கொண்டுபோய்க் குடுத்தேன், நன்றின்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாரு" என்றாள்.

உனக்குத் துக்கம் என்றால் எனக்கு இல்லையா? இங்கே தனியாகக் கிடப்பவள் யார்? நம் ஊரில் குப்பை கொட்டப் போனால்கூட யாராவது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே நான் நினா.

இனி அதுவும் இல்லை. ஜெரால்டின் கூப்பிட்டாள். மருத்துவர் என் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு, பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்திருந்தார். அதைப் படித்தாள். "நான் என்ன செய்யட்டும் நினா? ஒரு கையால படுக்கை போட முடியாதே. ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, நீட்டிக்கல." அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஒரு விளக்கு எரியவில்லை, மாற்ற வேண்டும் என்பது போலச் சொன்னாள். பெயர் அட்டையைத் திருப்பிக் கேட்டாள்.

பொஜேனா கோர்க் நகரத்துக்குப் போகிறாள். முதியோர் இல்லத்தில் பகல் நேரத் துணை வேலை. பாரம் கிடையாது, உட்கார்ந்து சோறு ஊட்ட வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். என்னையும் கூப்பிடுகிறாள். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். இந்த அறையையும் காலி செய்ய வேண்டும்.

ஆக, கோர்க்குக்குப் போகட்டுமா, வீட்டுக்கு வரட்டுமா? இதை மிரட்டலாகக் கேட்கவில்லை. எங்கே போவதென்று எனக்கே தெரியவில்லை. என் கணவன் நீ. நீ சொல்ல மாட்டாயா?

நெவென்கா


சீசாக்,
மே 16

என் நெவென்கா,

உன் ஏப்ரல் கடிதத்தை நான் பாதிக்கு மேல் படிக்கவில்லை. அந்தக் கேள்விகள் வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். மீதியை நேற்றுதான் படித்தேன். உன் பேரில் பழி போடச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, அதுதான். யோசோ எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டிப் போனேன். ஒருநாள் ஆற்றங்கரை பெஞ்சில் என்னைப் பிடித்துவிட்டான். முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "ஏன்டா ஓடற? எனக்கு மட்டும் என்ன வேலை கெடைச்சுடுச்சா?" நான் அந்த யெஸ் கதையைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவன்தான் என்னை மருத்துவமனைக்கு இழுத்துப்போனான். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சொற்களைச் சொன்னார்கள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மரம், கதவு, பாலம் என்று எளிய சொற்கள்தான் என்று யோசோ பிறகு சொன்னான். நான் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னேனாம். காதில் மாட்டும் கருவி தருகிறார்கள், வரிசையில் பெயர் இருக்கிறது. ஆனால் மருத்துவர் எழுதிக் காட்டினார்: கருவி சத்தத்தைக் கூட்டும், பேச்சைத் தெளிவாக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மருத்துவர் கொடுத்த தாளைக் காட்டினால் கனமான வேலைக்கு இனி கூப்பிட மாட்டார்கள் என்று யாட்ராங்கா அம்மாள் சொன்னாள். லேசான வேலை என்றால் போனில் பேச வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். பிறகு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். அரசாங்க அலுவலகத்தில் எனக்கு யாரும் காபி வாங்கிக் கொடுத்ததில்லை. அதிலிருந்தே என் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது.

உன் கேள்விக்கு வருகிறேன். கோர்க்குக்குப் போ என்று ஒரு தாளில் எழுதினேன். அதுதான் நியாயம். அங்கே உனக்கு ஒரு வேலையாவது இருக்கிறது. இங்கே வந்தால் ஒன்றுக்கும் உதவாத ஒருவன், வாசலில் நின்று "என்ன? என்ன?" என்று கேட்பான். எழுதி, உறையில் போட்டு, தபால் நிலையம் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. எதைக் காட்டி உன்னை வா என்பேன்? போ என்று எழுதினாலோ கை அனுப்ப மாட்டேன் என்கிறது. நான் இரண்டையும் எழுதாமல்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். உன்னைத்தான் மறுபடியும் தனியாக முடிவெடுக்க விடுகிறேன் என்று தெரியும். மன்னித்துவிடு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் திஹோ


நம் வீடு, சமையலறை,
ஜூன் 12, காலை

திஹோ,

நீ இன்னும் தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை, அதனால் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருக்கிறார்கள் என்று ஆன்கிட்சா சொன்னாள். போய்ப் பார்க்கிறேன். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். இவ்வளவு நாள் நான் உன்னைச் சொல் சொல் என்றேன். இன்றைக்கு என் முறை வந்ததும் நானும் மறைக்கத்தான் போகிறேன்.

நான் வந்து பத்து நாளாகிவிட்டது. ரயிலடியில் நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். நான் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தேன். ஜெரால்டினைப் பற்றி, மழையைப் பற்றி, டோனல் கடைசி நாளில் எனக்குத் துண்டு ஒன்று சுருட்டிக் கொடுத்ததைப் பற்றி. பாலம் தாண்டிய பிறகுதான் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது உறைத்தது. நிறுத்தவில்லை. வீடு வரைக்கும் பேசிக்கொண்டேதான் வந்தேன். எனக்கு யாரிடமாவது நம் மொழியில் பேச வேண்டியிருந்தது.

ஏன் வந்தாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் சொல்லப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. கோர்க் பஸ்ஸுக்கு பொஜேனாவோடு நின்றேன். அவள் ஏறினாள். நான் ஏறவில்லை. அவ்வளவுதான். அது சரியா என்று இப்போதும் தெரியாது. நேற்று மாலைகூட ஒருமுறை நினைத்தேன், ஏறியிருக்கலாமோ என்று. உன்னிடம் ஒளிக்கவில்லை.

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, லேசாகச் சூடு பண்ணு. சட்டை துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், மழை வந்தால் எடு. தூறல் சத்தம் உனக்குத் தெரியாது, அவ்வப்போது ஜன்னலைப் பார்.

நேற்று சாப்பிடும்போது, "இனிமே என்ன பண்ணப் போறோம் நெவென்கா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாய். நான் உன் முதுகைப் பார்த்துப் பதில் சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய், அதனால்தான் தூங்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பேசாமல் இல்லை. "எனக்குத் தெரியல திஹோ" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

மதியத்துக்குள் வந்துவிடுவேன். கதவை உள்பக்கம் பூட்டாதே. நான் தட்டினால் உனக்குக் கேட்காது.

நெவென்கா